ஈரம் படாத குழல்

பாகூரிலிருந்து திரும்பி வந்த புல்லாங்குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார் தணிகைவேல். உள்ளே பூஞ்சணம் பூத்திருந்தது.

"புள்ளைங்க ஊதுற ஈரம் மூங்கில்ல ஏறிடுதாம். இன்னொரு வாட்டி இப்படி ஆனா வேற எடத்துல வாங்கிக்கிறேன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு," என்றாள் மனைவி மகாலட்சுமி.

மாஸ்டர் என்பது பாகூரில் சங்கீத வகுப்பு நடத்தும் ராஜ்மோகன். வில்லியனூரில் தணிகைவேல் செய்யும் குழல்களில் முக்கால்வாசி அவரிடம்தான் போகும்.

உள்பக்கம் பூச வேண்டியதுதான். ஆளிவிதை எண்ணெயா, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கா, பிளாஸ்டிக் போலப் படியும் பியூ வார்னிஷா? பூசிய குழலை யாராவது விடாமல் ஊதிப் பார்த்தால்தான் எது ஈரம் தாங்கும் என்று தெரியும். தணிகைவேலால் முடியாது. புதிதாகக் கட்டிய பல் செட், பலமாக மூச்சு விட்டால் குழலுக்கு முன்னால் போய் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் மணவாளன் வந்தார். ஒட்டிய கன்னம், கொளுத்தும் வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு.

"ஊத ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். மதியம் சோறு போட்டா போதும். ஆனா வாசிக்கும்போது யாரும் எதிர்ல வரக்கூடாது."

பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இசை கிளம்பியது. கேட்டுக்கொண்டே நின்ற மகாலட்சுமி குழம்பைத் தீய விட்டாள்.

முடிந்ததும் தணிகைவேல் குச்சியில் பஞ்சு சுற்றி, எண்ணெய் பூசிய குழலுக்குள் விட்டு எடுத்தார். பஞ்சு காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டு ஈரம் இல்ல மகா! எண்ணெயே போதும்!"

எண்ணெய்க் குழல்கள் பாகூர் போயின. வாரம் திரும்புவதற்குள் நாற்றத்தோடு வீடு வந்தன.

அடுத்து அரக்கு. மணவாளன் வாசித்தார். பஞ்சு காய்ந்தே இருந்தது. அதையும் அனுப்பினார். பாகூரில் ஒரு பெண் ஊத ஊத அரக்கு செதில் செதிலாகப் பறந்ததாம்.

"ஊதுறாங்களா, துப்புறாங்களா உங்க புள்ளைங்க?" என்று போனில் கத்தினார் தணிகைவேல். மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

அன்று மகாலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அந்தாளு வாசிச்ச குழல தொட்டுப் பாத்தீங்களா? சில்லுனு இருக்குது. மனுசன் ஊதினா கொஞ்சமாவது சூடு இருக்காதா?"

"பூச்சு நல்ல பூச்சு..."

"சோறும் பாருங்க. எவ்ளோ போட்டாலும் எலையில ஒரு பருக்க நிக்கல. ஒடம்புல மட்டும் ஒண்ணும் ஒட்டல. அதெல்லாம் எங்க போவுது?"

பெரிய குழல், சின்னக் குழல், எதைக் கொடுத்தாலும் ஒரே சுருதியில் பாடியது இப்போதுதான் தணிகைவேலுக்கு உறைத்தது.

மறுநாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. கரண்டும் இல்லை. வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றார் மணவாளன். பியூ பூசிய குழலென்று மேசையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டினார் தணிகைவேல். மணவாளன் அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். இசை எழுந்தது.

தணிகைவேல் தற்செயலாகப் பட்டறை மேசையைப் பார்த்தார். கொடுத்திருக்க வேண்டிய குழல் அங்கேயே கிடந்தது. அவர் எடுத்துக் கொடுத்தது, இன்னும் துளையே போடாத மூங்கில்.

உள்ளே இசை குழைந்து குழைந்து ஏறியது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். துளையில்லாத மூங்கிலின் மேல் மணவாளனின் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"மகா... ஓடு!"

பல் செட் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். இசை அவர்கள் பின்னாலேயே வந்தது. எதிரே, ரயிலடியில் பூ விற்கும் தையலம்மாள் காலிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இப்படி ஓடியாறீங்க?"

"வூட்ல பேய் பூந்துடுச்சிக்கா! மூச்சே இல்ல அதுக்கு! ஓட்டையில்லாத மூங்கில்ல பாடுது! கறுப்புக் கோட்டு..." என்றார் தணிகைவேல்.

தையலம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அட, நம்ம மணவாளன்! ரயிலடியில தெனம் எம் பக்கத்துலதான் குந்துவாரு. அவருக்கு ஊதவே தெரியாதேப்பா, பாட்டெல்லாம் கோட்டுக்குள்ள இருக்கிற செல்போன்லேருந்துல்ல வருது!"