உப்புத்தாள் தேய்த்த பாஸ்தா

என் பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய இல்லத்தரசியாருக்கு (இல்லத்தில் நீ இல்லாதபோது இந்தப் பட்டம் செல்லுமா என்று தெரியவில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டது), உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், பட்டறை நலம், அடுப்பு ஓரளவு நலம். அங்கு நீயும் மகளும் மாப்பிள்ளையும் குட்டிப் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும்.

போன வாரம் போனில் கேட்டாயே, "இவளுக்கு லீவு முடியுதுங்க, கொழந்தைய விட்டுட்டு வேலைக்குப் போகணும், இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுமா? நீங்க சரின்னா சரி" என்று. யோசித்து எழுதுகிறேன் என்று சொன்னேன். நாலு நாள் யோசித்தேன். என் பதில்: சரி. தாராளமாக இரு. மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது, நான் என்ன கரைந்தா போய்விட்டேன்? சட்டைகள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கின்றன, அது துணியின் குற்றம். மகளுக்கு அம்மா வேண்டியிருக்கிறது, அது நியாயம். அப்பாவைப் பற்றி அங்கே யாரும் மூச்சு விடவில்லை, அதுவும் நியாயம்தான், அவருக்குப் பட்டறை இருக்கிறது, அவர் நகரமாட்டார் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டியிருப்பீர்கள். கூப்பிடாத இடத்தில் போய் நிற்கிற ஆள் நானுமில்லை. ஆகவே நீ நிம்மதியாக இரு. நான் எவ்வளவு பிரமாதமாகச் சமாளிக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாக, நீ சொன்ன அந்த பாஸ்தா விவகாரத்தை விவரமாக எழுதுகிறேன்.

"பாஸ்தா வாங்குங்க, தண்ணிய கொதிக்க வச்சுப் போட்டா தானா வெந்துரும், உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே கண்டுபுடிச்சது, ஆனா வெல கூடுனதா பாத்து வாங்குங்க, இங்க இவ அததான் வாங்கறா" என்று நீ சொன்னாயா, நானும் கடைக்குப் போனேன். ஒரே வடிவம், ஒரே எடை, இரண்டு பாக்கெட். இரண்டுமே இருபக்கமும் சாய்த்து வெட்டிய குழாய்த் துண்டுகள். ஒன்று ஒரு விலை, இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு. பின்னால் திருப்பிப் படித்தால் இரண்டிலும் கோதுமை, தண்ணீர், வேறொன்றும் இல்லை. தண்ணீருக்கா இந்த விலை என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், அது வெண்கல அச்சுல பிழிஞ்சு நிதானமா காய வச்சது. தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். அதுக்குத்தான் காசு. வழவழன்னு இருந்தா சாஸ் ஒட்டாது, வழுக்கிட்டு ஓடிரும்" என்றது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். சொரசொரப்பை எடுப்பதற்காக நாற்பது வருஷமாக ஊரார் எனக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள். நாற்காலிக் கை, கட்டில் கால், கதவு, அலமாரி, எதில் சொரசொரப்பு இருந்தாலும் வாடிக்கையாளர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். இங்கே என்னடாவென்றால் சொரசொரப்புக்கு மூன்று மடங்கு விலை! ரோஷம் வந்துவிட்டது. இரண்டிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது. விலை அதிகம் என்பது சொரசொரப்பால்தான் என்றால், விலை குறைந்ததை நாமே சொரசொரப்பாக்கிவிட்டால் போயிற்று, நம்மிடம் இல்லாத உப்புத்தாளா? ஒரு குழாயை விரலில் பிடித்துத் தேய்த்தால் உடைகிறது. எதிலாவது கோத்துக்கொண்டால் வசதி என்று வீட்டுக்கு வந்து நீ ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பாதி ஸ்வெட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்பைவிடச் சற்றுச் சிறியதாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஊசியில் குழாய்களை வரிசையாகக் கோத்து, நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, பதமாக உருட்டி உருட்டித் தேய்த்தேன். அருமையாகச் சொரசொரத்தது. ஆனால் கை இருக்கிறதே, அதற்கு நூற்றிருபதுக்குப் பிறகு இன்னும் நைசான இருநூற்றிருபது, அதற்குப் பிறகு அதைவிட நைசான நானூறு என்றுதானே பழக்கம். நான் உன்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அதாவது நீ கேட்ட கேள்வியைப் பற்றி. கவனித்துப் பார்க்கையில் கை தானாக மூன்று தாளும் போட்டு, ஒரு பழந்துணியால் துடைத்தும் வைத்திருக்கிறது. முன்னால் இருந்ததைவிட வழவழப்பு.

அந்த நேரம் பார்த்து, ஆணி என்று நாம் பட்டப்பெயர் வைத்திருக்கிற தச்சன் உள்ளே வந்தான். வழக்கம்போல வாயில் நாலு ஆணி. குனிந்து பார்த்து, ஆணிகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "யாருக்கு அண்ணே இவ்ளோ சின்ன நாற்காலிக் காலு?" என்று கேட்டான்.

"நாற்காலிக் காலு இல்லடா, பாஸ்தா."

"பாஸ்தாவுக்கு எதுக்கு பாலிஷு?"

"பாலிஷ் எடுக்கறேன்."

"எடுத்த மாதிரி தெரியலயே. மூஞ்சி தெரியுது. வார்னிஷ் ஒரு கை போட்டீங்கன்னா மழைக்கும் தாங்கும்."

அவனை வாயை மூடச் சொல்லிவிட்டு மறுபடி நூற்றிருபதிலிருந்து ஆரம்பித்தேன். ஒருவருடைய உணவு மேசை பாதி பாலிஷோடு நின்றது, அவர் இரண்டு தரம் வந்து பார்த்து, நான் ஊசியில் கோத்துத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, வந்த வழியே போய்விட்டார். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டுத் துண்டுகள் தயார். ஆணியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம். ஒன்று ஏழு நிமிஷம், இன்னொன்று பதினொன்று என்று போட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிமிஷமே நகரவில்லை, நல்ல பொறுமை நமக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன், ஆணிதான் சொன்னான், "அண்ணே, அது நேத்தே நின்னுபோச்சு போலிருக்கு" என்று. அதற்குள் ஒரு பாத்திரம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. (அடுப்பு ஓரளவு நலம் என்று எழுதியது இதனால்தான்.) தக்காளி சாஸ் மட்டும் நீ போனில் சொன்னபடியே செய்தேன், அதற்கு ஒரு குறையும் இல்லை, சட்டையில் பட்டதைத் தவிர.

முதலில் என் கைவேலை. ஆணி ஒரு வாய் போட்டான், மென்றான், நிறுத்தினான். நறநறவென்று சத்தம் எனக்கே கேட்டது. உப்புத்தாளின் மணல் அத்தனையும் அதில் ஏறியிருக்கிறது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இதுக்கு என் ஆணியே மெதுவா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினான். அடுத்து விலை கூடினது. நிமிஷக் கணக்கு எப்படியோ தப்பியும் அது குழையவில்லை. பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டியது, சாஸ் ஒரு சொட்டுக்கூடத் தட்டில் தேங்காமல் துண்டு துண்டாக அப்பிக்கொண்டிருந்தது. உள்குழாயிலும் சாஸ். நான் அடுத்த வாய் எடுத்துக்கொண்டே, "நல்லா இருக்கு" என்றேன்.

ஆணி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவன், "யாருக்குச் சொன்னீங்க? நான் சமைக்கலயே" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்குச் சொன்னேன்? நீ வழக்கமாக நிற்கிற பக்கம், அடுப்புக்கு இந்தப் புறம், தலையைத் திருப்பித்தான் சொல்லியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் நீ சமைத்துப் போட்டாய், அந்தப் பக்கம் திரும்பி நான் சொன்னதெல்லாம் "உப்பு கொஞ்சம் கம்மி", இல்லாவிட்டால் "உப்பு கொஞ்சம் தூக்கல்". இரண்டும் இல்லாத நாளில் ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போயிருக்கிறேன். நீயும் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய், அல்லது தெரிந்துகொண்ட மாதிரி இருந்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தை வாயில் வந்தபோது கேட்க நீ இல்லை, எதிரே ஆணி. தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன், மீதியை அவனே தின்று தீர்த்தான்.

ஆக, விலை கூடின பாஸ்தா அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், பொருள் நல்ல பொருள், அதை ஒத்துக்கொள்கிறேன், கடைக்காரம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் தனியாளுக்கு அது தண்டம். நன்றாக இருப்பதைத் தனியாக உட்கார்ந்து தின்றால் பாதி ருசிதான் கிடைக்கிறது, விலையை மட்டும் முழுசாகக் கேட்கிறார்கள். இனி நான் மலிவானதையே, தேய்க்காமல், அப்படியே வேகவைத்துக்கொள்வதாக இருக்கிறேன். எனக்கு அது போதும். நீ ஆறு மாதம் என்ன, குழந்தை நடக்கிற வரைக்கும், பேசுகிற வரைக்கும், பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும்கூட இரு. நான் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன்.

மகள் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் தீர்க்காயுசாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் மரியாதை கலந்த அன்பு. பேத்திக்கு ஆயிரம் முத்தம், அவள் தூங்கும்போது கொடு, விழித்திருந்தால் தாத்தாவின் மீசை குத்தாத முத்தம் செல்லாது என்று அழுதுவிடுவாள். உனக்கு என் ஆசிகள், வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில்.

இப்படிக்கு,
எல்லா நலமும் பெற்றுத் தனியே வாழும்
உன் கணவன்

பி.கு.: இதை வேண்டுமென்றே தனித் தாளில் எழுதுகிறேன். மற்ற பக்கங்களை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும், இதை மட்டும் நீ படித்துவிட்டுக் கிழித்துவிடு. நான் எழுதிய சரி, சரியில்லை. ஆறு மாதம் என்னால் முடியாது. ஆறு நாளே முடியாது போலிருக்கிறது. ஆனால் நீ கிளம்பி வந்துவிட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் தவித்துப்போவாள், அதையும் யோசித்தேன், அந்த நாலு நாளும் யோசித்தது அதைத்தான். பட்டறைச் சாவியை ஆணியிடம் கொடுத்தாயிற்று. உணவு மேசைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், வியாழக்கிழமை காலை அங்கே வந்து இறங்குகிறேன், நீ திரும்பும்போதுதான் நானும் திரும்புவேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டதாகச் சொல்லிவிடு.