மச்சான், லாரியில் சாமான் ஏற்றாதே

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷனும், உங்கள் மனைக்கு நேரெதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவனும், அந்த ஒரே குற்றத்துக்காக உங்கள் புது வீட்டு வேலையை மேற்பார்வை பார்ப்பவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காளும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் கைக்குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. “உங்கள்” என்று எழுதி எழுதி எனக்கே கை கூசுகிறது, மச்சான். உன்னை அரை டிராயரோடு சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஓட்டினவன் நான். இனிமேல் “நீ”தான்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் பேச முடியாது. அதோடு போனை எடுத்தால் உன் அக்காள் வந்து பிடுங்கிக்கொள்வாள், இந்தச் சமாசாரம் அவளுக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் டயருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை நீயே திருத்திக்கொள், நாலாம் வகுப்பில் வாத்தியார் என்னை அனுப்பினாரா நானே வந்தேனா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

விஷயம் இதுதான். ஒன்றாம் தேதி குடி வருவதாக இருந்தாய் அல்லவா, அதை ஒரு மூன்று வாரம் தள்ளிப்போடு. பதறாதே, வீடு நிற்கிறது. சுவர் நேராக இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது, எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் அடைபட்டிருக்கிறது, அது என்ன என்பதை நான் ஒழுங்காக முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். ஒன்பது வருஷமாக நீ மாடியில் இரண்டு அறையில் இருந்துகொண்டு, மூன்று குடும்பத்தோடு ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொண்டு, காலையில் வாளியோடு நின்றவன். “மாமா, எனக்கு ஹால் பெருசா வேணாம், பால்கனி வேணாம், என் சொந்தக் கதவைச் சாத்திக்கிட்டு யாரும் தட்டாம கால் மணி நேரம் குளிக்கணும், அவ்வளவுதான்” என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் இப்படிச் சுற்றி வளைத்து எழுதுகிறேன்.

வடிகால் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வருகிறார் என்று சொல்லியிருந்தேனே, ஸ்கூட்டரில், தலையில் தொப்பி, கையில் அளவு டேப். புது வீடு கட்டுகிறவன் மழைத் தண்ணீருக்கும் கழிவு நீருக்கும் வழி செய்து காட்டி அவர் கையெழுத்தை வாங்கினால்தான் குடி போக முடியும் என்பது சட்டமாம். முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார். “முன்னாடி இந்த மனையில பாதி மண்ணு இருந்துச்சு, மழை பேஞ்சா தண்ணி உள்ள இறங்கிடும். இப்ப முழுக்க சிமெண்ட் போட்டுட்டீங்க. அத்தனை தண்ணியும் ஒரே நேரத்துல தெருவுக்கு ஓடினா கீழ்த்தெருக்காரங்க கட்டில் மேல ஏறி நிக்கணும். அதனால வாசல்ல தொட்டி கட்டி, மழைத் தண்ணிய அதுல புடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடணும். கழிவுத் தண்ணிக்குத் தனிக் குழாய். இது ரெண்டும் எங்கயும் ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாது.” நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்க வீட்டுச் சம்பந்திங்க மாதிரியாம்மா?” என்று கேட்டேன். அந்தம்மா சிரிக்கவில்லை. “சம்பந்திங்க சேர்ந்தா சண்டைதான் வரும். இது சேர்ந்தா நாத்தம் வரும்” என்றார். அன்றைக்கே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

தொட்டி கட்டினோம். நம்ம பிளம்பர், “இதோ வந்துட்டேன்” என்று போனில் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வருவானே, அதனால் தெருவில் அவனுக்குப் பேரே “இதோவந்துட்டேன்”தான், அவன் குழாயெல்லாம் மாட்டினான். தொட்டியிலிருந்து தெரு வடிகாலுக்குப் போகிற குழாயின் வாயில் ஒரு எவர்சில்வர் தகட்டை நாலு போல்ட்டு போட்டு முடுக்கினான். நான் அப்போது ஒரு வேன்காரருக்கு டயர் கழற்றிக்கொண்டிருந்ததால் என்ன ஏது என்று கேட்கவில்லை. இதற்கிடையில் நீ குறிப்பு அனுப்பினாய். நம்பர் போட்டுப் பதினாலு குறிப்பு. அதில் மூன்றாவதை நீயே எடுத்துப் பார், நான் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறேன்: “தொட்டியில் எங்கும் ஒழுகல் இருக்கக் கூடாது. மாமா நேரில் உள்ளே இறங்கிப் பார்க்கவும்.” மாமா இறங்கினேன். ஆபீசம்மா சோதனைக்கு வருவதற்கு முந்தின நாள், விளக்குமாறும் டார்ச்சுமாக, இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு, ஏணியில் இறங்கினேன். தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது. டார்ச்சை அந்தத் தகட்டின் மேல் அடித்தேன். நடுவில் ஓட்டை, மச்சான்! கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை! புத்தம்புதுத் தகட்டில்!

நீ என் இடத்தில் இருந்து யோசி. இருபத்தாறு வருஷமாக ஓட்டையைக் கண்டால் அடைப்பதுதான் என் பிழைப்பு. அது ஏன் அங்கே இருக்கிறது, யார் வைத்தது என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிளம்பருக்குப் போன் போட்டேன், “இதோ வந்துட்டேன்” என்றான், அதாவது வர மாட்டான். விடிந்தால் சோதனை. மச்சான் மானம் என் கையில் என்று கடைக்கு ஓடி, பஞ்சர் சாமான்களோடு திரும்பி வந்து மறுபடி தொட்டிக்குள் இறங்கினேன். தகட்டை நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, லாரி டயருக்குப் போடுகிற கனத்த ரப்பரை வெட்டி, சூடு வைத்து அழுத்தி ஒட்டினேன். அதோடு விட்டேனா, போல்ட்டைக் கழற்றித் தகட்டைத் திருப்பிப் பின்பக்கமும் இன்னொன்று போட்டேன். தொட்டிக்கு மேலே, தண்ணீர் மிஞ்சினால் வெளியே போக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் எலி வந்துவிடும் என்று ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்தேன். வேலை முடிந்து மேலே ஏறி வந்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை உனக்கு எப்படிச் சொல்வேன்.

மறுநாள் இன்ஜினியரம்மா வந்தார். ஆச்சரியமாகப் பிளம்பரும் வந்தான். ஒரு டேங்கர் லாரி தண்ணீரை வாசல் சல்லடை வழியாகத் தொட்டிக்குள் விட்டார்கள். அந்தம்மா தெருவில் வடிகால் வாயருகே குனிந்து, கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வடிகால் வாய் உலர்ந்து கிடக்கிறது. நான் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“பாத்தீங்களாம்மா, ஒரு சொட்டு ஒழுகல!”

“ஒழுகணும்ங்க.”

“என்னது?”

“இந்நேரத்துக்கு ஒரு விரல் கனத்துக்குத் தண்ணி ஓடிட்டிருக்கணும். அதுக்குத்தான் கணக்குப் போட்டு அந்தத் தகட்டுல துளை வைக்கச் சொன்னோம்.”

மச்சான், அப்போது என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். துளை வைக்கச் சொன்னார்களாம்! வரைபடத்திலேயே இருந்ததாம், சின்னதாக ஒரு வட்டம். அதை நான் பிளம்பர் டீ டம்ளர் வைத்த தடம் என்றல்லவா நினைத்திருந்தேன்! நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் “களக் களக்” என்று சத்தம். தொட்டி நிறைந்து, சல்லடை வழியாகத் தண்ணீர் ஊற்றாகப் பொங்கியது. மேல் குழாயில் என் சாக்கு உட்கார்ந்திருக்கிறது, வேறு எங்கே போகும்? வாசல் முழுக்கப் பரவியது, பிளம்பர் கழற்றி வைத்த செருப்பு இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மிதந்தது, டேங்கர்காரர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இதோடு நின்றிருந்தால்கூடத் துடைத்துவிட்டுப் போயிருப்போம். காம்பவுண்டு ஓரத்தில் கழிவுக் குழாய்க்கு ஒரு ஆய்வுக் குழி இருக்கிறது. சோதனைக்காக அதன் மூடியைத் திறந்து வைத்திருந்தான் பிளம்பர். வாசல் தண்ணீர் முழுக்க வரிசை கட்டிப் போய் அந்தக் குழிக்குள் இறங்கியது. எது எதோடு சேரவே கூடாது என்று அந்தம்மா முதல் நாளிலிருந்து சொன்னாரோ, அது அவர் கண் முன்னாலேயே கைகோத்துக்கொண்டு போயிற்று.

“லாரியை நிறுத்து!” என்று அந்தம்மா போட்ட சத்தத்தில் என் கடையில் தொங்கிய டியூபெல்லாம் ஆடிற்று. பிளம்பர் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “மேடம், யாரோ இதுல பஞ்சர் போட்டிருக்காங்க!” அந்தம்மா தெருவை ஒரு பார்வை பார்த்தார், என் கடைப் பலகையை ஒரு பார்வை பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

சரி, பிரித்துவிட்டால் போயிற்று என்றுதானே நீ நினைக்கிறாய்? நானும் அதைத்தான் நினைத்தேன். பிளம்பர் திருப்புளியை வைத்து நெம்பினான், திருப்புளி வளைந்தது. உளி வைத்தான், தகடு வளைந்தது. நான் போட்ட ஒட்டு அசையவில்லை. அவன் வியர்த்து விறுவிறுத்து, “யோவ், உன்னை யாருய்யா இவ்வளவு நல்லா வேலை செய்யச் சொன்னது?” என்று என்னைத் திட்டினான். இருபத்தாறு வருஷத்தில் என் வேலையை இந்த ஊரில் யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை, ஆனால் அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை. “டிரில் வச்சு ரப்பரோட சேர்த்துத் துளை போட்டுறட்டுமா?” என்று கேட்டேன். “இனி நீங்க எதையும் போட வேணாம்” என்றார் அந்தம்மா. துளை நூல் பிசகாமல் இருக்க வேண்டுமாம், வளைந்த தகடு செல்லாதாம், முத்திரை போட்ட புதுத் தகடு பட்டறையிலிருந்து வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை மழைத் தண்ணீர் மறுபடி அதில் கலக்கக் கூடாது, யாரும் குடி வரவும் கூடாது என்று, கழிவுக் குழியிலிருந்து தெருவுக்குப் போகிற குழாயின் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானை முடுக்கி, கம்பி கட்டி, ஈய முத்திரை குத்திவிட்டார். அதாவது உன் வீட்டில் இரண்டு கழிவறை, ஒரு குளியலறை, வெள்ளை ஓடு பளபளக்கிறது, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், ஆனால் உள்ளே போனது எதுவும் வெளியே போகாது. முத்திரையைத் தொட்டால் மறுபடி மனு, மறுபடி வரிசை. போகும்போது அந்தம்மா என்னிடம் சொன்னார்: “உங்க ஒட்டு நல்லா இருக்கு. என் ஸ்கூட்டர் பஞ்சரானா உங்ககிட்டதான் வருவேன். ஆனா இந்த கேட்டுக்குள்ள மட்டும் கால் வச்சிறாதீங்க.”

உன் அக்காள் அன்று உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். வந்ததும் “சோதனை என்னாச்சு?” என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, மச்சான். “தொட்டியில ஒரு சொட்டு ஒழுகல, ஆபீசம்மா என் வேலைய ரொம்பப் புகழ்ந்தாங்க” என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மீதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. இப்போதுகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். “யாருக்கு எழுதுறீங்க?” “உன் தம்பிக்கு, நலம் விசாரிச்சு.” “ஆறு பக்கமாவா?” “அவன் உடம்புல பாகங்கள் ஜாஸ்தி.” சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

ஆகவே மச்சான், உன் வீட்டுக்காரர் காலில் விழுந்தாவது மூன்று வாரம் தவணை வாங்கு. ஒன்றாம் தேதி அங்கே வேறு ஆள் வருகிறார் என்று சொன்னாய், அவரையும் கெஞ்சிக் கேள், தேவைப்பட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நில். எக்காரணம் கொண்டும் லாரியில் சாமான் ஏற்றாதே. புதுத் தகடு வரட்டும், நான் தெருவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன், பிளம்பர் மாட்டட்டும், அந்தம்மா ஒழுகுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அதன் பிறகு நீ கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் என்ன, கால் நாள் குளி, எவன் தட்டுகிறான் பார்க்கிறேன். நீயும் உன் மனைவியும் குறைவில்லாமல் வாழ, குழந்தை நோய்நொடியின்றி வளர, உங்கள் வீட்டில் போக வேண்டியதெல்லாம் போக வேண்டிய வழியிலேயே போக, மனமார வாழ்த்துகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
மாமா.

பின்குறிப்பு: கவரில் பசை தடவும்போது தெருவில் ஹாரன் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் லாரி. பீரோ, கட்டில், தொட்டில், அதன் மேல் நீ. “எல்லாம் முடிஞ்சிருச்சு, ஆபீசம்மாவே புகழ்ந்தாங்க, ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கே, உடனே கிளம்பி வா, மாமாவுக்குச் சொல்லாதே, ஆச்சரியமா இருக்கட்டும்” என்று உன் அக்காள் முந்தாநாளே உனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆகையால் மேலே எழுதியதில் “ஏற்றாதே” என்று வருகிற இடமெல்லாம் “இறக்காதே” என்று மாற்றிப் படித்துக்கொள். ஆறு மணி நேரம் லாரியில் குலுங்கி வந்த உன் மாமனார், கீழே குதித்ததும் நலம்கூட விசாரிக்காமல், “பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று என்னைத்தான் கேட்டார். என் கடைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டேன். அவருக்குப் பின்னால் உன் மனைவி, அவளுக்குப் பின்னால் லாரி டிரைவர், அவருக்குப் பின்னால் நீ நிற்கிறாய். தபால் செலவு வேண்டாம் என்று இதை டிரைவர் கையில் கொடுத்து உன்னிடம் தரச் சொல்கிறேன். படித்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிடாதே மச்சான், இடம் போய்விடும். முடித்துவிட்டு நிதானமாக வந்து திட்டு.