டபுள் மாமுவின் ரேம்

ராயபுரத்தின் மொத்தப் பயத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்றால், அது எங்கள் தெரு டபுள் மாமுதான். ஹார்பரில் கிரேன் கொக்கியில் சரக்கைக் கட்டிவிடும் வேலை. ஒரு டன் சரக்குக்கு ரெண்டு டன் தாங்கும் கயிறு போட்டால்தான் கீழே நிற்பவன் வீடு திரும்புவான் என்பது அங்கே சட்டம். மாமு அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சைக்கிளுக்கு ரெண்டு பூட்டு. மழைக் கோட்டுக்கு மேல் குடை. மாதா கோயிலில் ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு மெழுகுவத்தி. காற்றில் ஒன்று அணைந்தால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடுமாம்.

மகள் ஸ்டெல்லாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற டிசைன் வேலை ஒன்றுக்கு ஆன்லைன் தேர்வு வந்தது. தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும் பைத்தியம் நான்தான் என்பதால் என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். இருப்பதிலேயே விலை குறைந்த மதர்போர்டை எடுத்தோம். அதில் சொருகும் மெமரி அட்டையான ரேம் பெட்டிகளைப் பார்த்ததும்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது.

"இது இன்னா நைனா, இம்மாம் பெரிய நம்பரு?"

"ரேமோட வேகம் மாமு. நம்ம போர்டு அவ்ளோ வேகம் வுடாது. சின்ன நம்பரே போதும். பெருச போட்டாலும் மெதுவாத்தான் ஓடும்."

"மீதி வேகம் இன்னா பண்ணும்?"

"சும்மா கெடக்கும்."

மாமு முகம் மலர்ந்தது. "சும்மா கெடக்குதா? அதான்டா தெம்பு. அத்தையே போடு."

வேகம் வேறு, கயிற்றின் வலு வேறு என்று பஸ்ஸில் வழி நெடுக விளக்கினேன். எதிரே டேங்கர் லாரி வரும்போதெல்லாம் அவர் ரேம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டதில், நான் சொன்னதில் பாதி போய்ச் சேரவில்லை.

மெஷினை முதன்முதலில் ஆன் செய்தபோது, எனக்கு ஷாக் அடித்தால் தட்டிவிட உருட்டுக்கட்டையோடு பின்னால் நின்றார். கரண்டைவிட எனக்கு அந்தக் கட்டைதான் பயமாக இருந்தது.

தேர்வு நாள் காலையில் போன் வந்தது. "நைனா, டிவி கருப்பா கீது."

ஓடினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஃபுல் ஸ்பீடுல ஓடலன்னா அந்த ரேம் வேஸ்ட்டுன்னு வீடியோல சொன்னாங்கண்ணா. நேத்து செட்டிங்ஸ்ல வேகத்த ஏத்துனேன். நல்லாத்தான் ஓடுச்சு. காலைல இப்டி."

அந்த வேகத்தை எங்கள் போர்டு தாங்கவில்லை. ரேமைக் கழற்றி, தங்கநிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கருப்பு. ஊதி மாட்டினேன். கருப்பு.

"போன வாட்டி டெஸ்ட்டு கரண்ட் போயி பாதில நின்னுடுச்சு. கெஞ்சித்தான் இன்னொரு சான்ஸ் வாங்குனேன். இனிமே கூப்ட மாட்டாங்கண்ணா" என்றாள். நான் மறுபடியும் ரப்பரை எடுத்தேன்.

அப்போது மாமு அலமாரியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துவந்து திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு ரேம்.

"இன்னா மாமு இது?"

"நீ சொன்ன சின்ன நம்பரு. அன்னிக்கே உனக்குத் தெரியாம இத்தையும் வாங்கிக்கினேன்."

"அப்ப என்னை நம்பல?"

"உன்னையும் நம்புனேன், என்னையும் நம்புனேன். அதான் ரெண்டு. பேசிக்கினே இருக்காத, மாட்டு."

மாட்டினேன். ரேம் மாறியதும் போர்டு பழைய வேகத்துக்கே திரும்பி, திரை வெளிச்சமானது. ஸ்டெல்லா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தேர்வு முடிகிறவரை யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாதென்று மாமு வாசலில் காவல் நின்றார்.

"முடிச்சிட்டேன் டாடி" என்று குரல் வந்ததும் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் கைகள் நடுங்க ஆரம்பித்தன. நான் தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

"இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்தீங்க மாமு?"

"சரக்கு தொங்கிக்கினு இருக்கும்போது பயந்தா, கயிறு யார் புடிக்கிறது? எறங்குனப்புறம்தான் பயந்துக்கணும்."

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய நம்பர் ரேம் இப்போது டிபன் பாக்ஸில் தூங்குகிறது.

வருகிற ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும், எனக்காக நானே சேர்த்த மெஷினை முதல் தடவையாக ஆன் செய்யப்போகிறேன். நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. மாமு கட்டையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ரெண்டு நாற்காலி போடப்போகிறேன். ரெண்டும் அவருக்குத்தான்.