தலைக்காரரின் வெள்ளை நாய்

எழுபதுகளில் மெல்பேர்ண் ரயில்களில் தலையில்லாத மனிதர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்த ஒரே மேதை எங்கள் தலைக்காரர்தான். அடித்துச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தார். வீடு வீடாகப் போய் ஆட்களைப் படம் வரைவது தொழில். கூலி பெரும்பாலும் ஒரு நேரச் சோறு. குளிர்காலம் முழுக்க அறைக்குள் இருந்து தடித்த மட்டைகளில் உடம்புகளாக வரைந்து அடுக்குவார். வெயில் வந்ததும் அவற்றுக்குத் தலை தேடி ரயிலேறுவார். ஆண் என்றால் கறுப்புக் கோட்டு, விரலில் மோதிரம். பெண் என்றால் நீலச் சட்டை, மடியில் வெள்ளை நாய். தன்னிடம் நாயே இல்லை என்று சண்டை பிடித்த பக்கத்து வீட்டு இத்தாலியக்காரி, படத்தைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு அடுத்த வாரமே ஒரு வெள்ளை நாய் வாங்கிவிட்டாள்.

நான் அப்போது மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட இருந்தவன் பாலன். இருவருக்கும் ஊரில் பெண் பார்த்தார்கள். படம் அனுப்ப வேண்டும் என்று இருவரும் தலைக்காரரைப் பிடித்தோம். எனக்கு வயது முப்பத்து நாலு, உச்சி வெளித்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் என் போட்டோவைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதுவும் தவறினால் இனி உனக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா எழுதியிருந்தார்.

"அண்ணை, உச்சியிலை கொஞ்சம் தலைமயிர் வைச்சு விடுங்கோவன்."

"உடம்பு நான் தாறது, தம்பி. தலை நீர் கொண்டுவந்தது. அதிலை நான் கைவைக்க மாட்டன்."

கெஞ்சினேன். மனுஷன் அசையவில்லை. அந்தக் கொழுத்த கோட்டுக்கு மேலே என் ஒல்லிக் கழுத்து, பானையில் செருகின அகப்பை மாதிரி நின்றது. வேறு வழியில்லாமல் தபாலில் போட்டேன்.

ஊரில் தரகர் செய்த வேலையைக் கேளுங்கள். என் படத்தையும் பாலன் படத்தையும் ஒரே வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒரே கோட்டு, ஒரே மோதிரம், தலை மட்டும் வேறு. வீடே விழுந்து விழுந்து சிரித்ததாம். பெண் மட்டும் சிரிக்காமல் என் படத்தைக் காட்டினாளாம்.

ஏன் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"கோட்டு ரெண்டும் ஒண்டுதானே. அதாலை முகத்தைத்தான் பாத்தன். மற்றவர் சிரிச்சுக்கொண்டு இருந்தார். நீங்கள் பயந்துபோய் இருந்தீங்கள். எனக்கும் பயமாத்தான் இருந்தது."

அவள் மெல்பேர்ணில் வந்திறங்கியதும் தலைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் வெறும் மட்டை.

"உடம்பு எங்கை, அண்ணை?"

"இந்தப் பிள்ளைக்கு என்னட்டை உள்ளது ஒண்டும் சரிவராது."

மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்து, அவளுடைய சேலையையும் கைகளையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். மடிக்கு வந்ததும் பழகின கை கேட்கவில்லை, நாய் வந்துவிட்டது.

அவர் காலமாகி எத்தனையோ வருஷம். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். படத்தைத் தூசி தட்டும்போது மனைவி அந்த நாயை ஒருமுறை தடவிக்கொடுப்பாள். யாரும் பார்க்காதபோது நானும்தான்.