முதல் கட்டத்தில் எல்லாம் இருக்கும்

வறுமையை ஒழிக்க உலகம் இதுவரை கண்ட வழிகளிலேயே செலவு குறைந்தது, ஆங்கிலத்தில் உள்ள 'ஹேவ்' என்னும் வினைச்சொல்தான். இதை முதன்முதலில் நிரூபித்த பெருமை, தேவாரம் என்னும் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் மந்தைக்கரைப்பட்டியையே சேரும். நிரூபித்தவள் முனீஸ்வரி. அது அவளுக்கே ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முனீஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஜீப்பில் பதின்மூன்றாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போய், மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள். வீடு மண்சுவர். கூரை பாதி தகரம், பாதி தார்ப்பாய். போன ஐப்பசிக் காற்றில் தகரப் பாதி அடுத்த வாழைத்தோப்புக்குக் குடிபோய்விட்டது. அரசாங்கத் தொகுப்பு வீட்டுக்கு எழுதிப்போட்டு நாலு வருஷமாகி, இந்த முறைதான் பட்டியலில் பதினோராவதாக அவள் பெயர் வந்திருந்தது.

அந்த நல்ல நேரத்தில் 'இல்லந்தோறும் இங்கிலீஷ்' இயக்கம் ஊருக்குள் நுழைந்தது. அதன் துணை ஒருங்கிணைப்பாளர் பாண்டியராஜன். வீட்டுப் பட்டியலைச் சரிபார்க்கும் கூடுதல் பொறுப்பும் அவருடையதே. சத்துணவுக் கூடத்தில் நாடாவை வெட்டிவிட்டு, இரண்டே வாரத்தில் ஊர் முழுக்கத் தன்னம்பிக்கை முளைத்துவிடும் என்று பேசினார். சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு வீட்டுப் பட்டியலில் 'முன்னுரிமை' உண்டு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். தன்னம்பிக்கைக்காக நாலு பேரும் முன்னுரிமைக்காக முப்பத்தாறு பேரும் சேர்ந்தார்கள்.

பாடம் நடத்த உத்தமபாளையத்திலிருந்து நசீமா வந்தாள். பி.எட். முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருந்தவள். முதல் நாள் மை, யுவர், ஹிஸ், ஹெர் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே முனீஸ்வரி ஜீப்பில், மை தூக்குவாளி, யுவர் தூக்குவாளி என்று பங்கு பிரித்துக் காட்டினாள். மூன்றாம் நாள் 'ஹேவ்', 'ஹேஸ்'. நாலாம் நாள் 'பிக்', 'ஸ்மால்'. அன்று பாண்டியராஜன் ஆய்வுக்கு வந்திருந்தார். நசீமா கைகாட்ட, முனீஸ்வரி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"ஐ ஹேவ் எ ஹவுஸ். இட் இஸ் ஸ்மால்."

நசீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாண்டியராஜனுக்கு நெற்றி சுருங்கியது. பயிற்சிப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, அங்கே 'இட் இஸ் பிக்' என்று அச்சாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

"என் வீடு சின்னதுதானுங்க சார்."

"வீடு சின்னதா இருக்கலாம்மா. விடை பெருசு."

முனீஸ்வரி உட்காரவில்லை. "சரிங்க சார். ஒண்ணு எங்கிட்ட இல்லைனா, அத இங்கிலீசுல எப்பிடிச் சொல்றது?"

எதிர்மறை வாக்கியம் எதிர்மறை எண்ணத்தை வளர்க்கும், ஏழைகளை ஏழைகளாகவே வைத்திருப்பது அந்த எண்ணம்தான் என்று அவர் பத்து நிமிடம் விளக்கினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "முதல் கட்டத்துல எல்லாமே இருக்கும்மா. இல்லாததெல்லாம் ரெண்டாம் கட்டத்துல. அதுக்கு இன்னும் அனுமதி வரல" என்றார்.

ஆகவே முனீஸ்வரி எல்லாவற்றையும் பெற்றாள். பயிற்சி ஏட்டில் பெரிய வீடு எழுதினாள். அவளிடம் இருந்த ஒற்றை ஆட்டுக்குப் புத்தகத்தில் இடமில்லாததால் அது கறுப்புப் பசுவாக உயர்த்தப்பட்டது. பதினோராம் பாடத்தில் ஒரு சிவப்புக் கார் வந்தது. 'மை கார் இஸ் ரெட்' என்று எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜீப்பில் வந்த பெண்கள், நாளையிலிருந்து உன் காரிலேயே போய்விடலாம் என்று இடம் பிடித்தார்கள்.

கடைசித் தேர்வில் முனீஸ்வரிதான் முதல். மலர்மாலை, புகைப்படம், சான்றிதழ். ஏடுகள் 'மதிப்பீட்டுக்காக' அலுவலகத்துக்குப் போயின. சான்றிதழை மழை படாமல் வைக்க வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது: அரிசி டிரம். அதற்குள் வைத்து மூடினாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பயனாளிகளின் வீடுகளை நேரில் பார்க்க வாகனம் இல்லாத நிலையில், அவர்களது சொந்தக் கையெழுத்திலேயே ஆதாரம் கிடைத்திருப்பது நிர்வாகத்தின் நற்பேறு. தாங்கள் ஒரு பெரிய வீடும், ஒரு பசுவும், ஒரு சிவப்புக் காரும் வைத்திருப்பதாக எழுத்துமூலம் தெரிவித்துள்ளபடியால் தங்கள் பெயர் நீக்கப்படுகிறது. இப்படி ஒரே நாளில் நாற்பது குடும்பங்கள் வறுமைக்கோட்டைத் தாண்டின.

பதினோராவது இடம் சீனிச்சாமிக்குப் போனது. அவர் பாண்டியராஜனின் மச்சினன். கெங்குவார்பட்டியில் மாடி வீடும் மாந்தோப்பும் உண்டு. ரேஷன் அட்டை மட்டும் மந்தைக்கரைப்பட்டியில். அவர் வகுப்புப் பக்கமே எட்டிப்பார்த்ததில்லை. அதனால் அவரிடம் எதுவும் இருப்பதற்கு ஆங்கிலத்தில் ஆதாரம் இல்லை.

முனீஸ்வரி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். நசீமாவும் கூட வந்தாள். அது வெறும் பயிற்சி, தானே கரும்பலகையில் எழுதிப்போட்டது என்று நசீமா வாதாடினாள். பாண்டியராஜன் பொறுமையாகக் கேட்டார். ஆங்கிலத்தில் கொடுத்த ஆதாரத்தை ஆங்கிலத்தில்தான் மறுக்க முடியும், அதுவும் சொந்தக் கையெழுத்தில் என்று விதியை எடுத்துச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளையும் தந்தார். இரண்டாம் கட்டம் நடக்காத ஊரில் 'இல்லை' என்று எழுத ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"நான் வேணும்னா எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமாக்கா?" என்று நசீமா கேட்டாள்.

"வேணாம் டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்தது போதும்."

முனீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏலக்காய்க் கறை படிந்த விரல்களால் பேனாவை அழுத்திப் பிடித்து, முக்கால் மணி நேரம் எழுதினாள். இருப்பதை மட்டுமே எழுதினாள்.

'ஐ ஹேவ் எ ஹவுஸ். மை ரூஃப் இஸ் த ஸ்கை. இட் இஸ் பிக். சீனிச்சாமி ஹேஸ் எ ஹவுஸ். ஹிஸ் ஹவுஸ் இஸ் பிக். ஹி ஹேஸ் மை ஹவுஸ். யூ ஹேவ் மை ஹவுஸ்.'

பாண்டியராஜன் உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதுல தப்பு இருக்கு."

"எங்கன இருக்கு சார்?" என்றாள் நசீமா.

அவர் தேடினார். 'ஹி' வந்த இடத்தில் 'ஹேஸ்' இருந்தது. 'யூ' வந்த இடத்தில் 'ஹேவ்' இருந்தது. முதல் கட்டத்தைத் தாண்டி ஒரு சொல்கூட இல்லை. பின்னால் மனுவோடு நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்; அவர்களில் மூன்று பேர் வகுப்பில் தேறியவர்கள். முனீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"தப்பில்லைன்னா சீல் வச்சு ஒரு நகல் குடுங்க சார். ஊர்ல கேப்பாக."

அலுவலகத்தில் நகலுக்கென்று ஒரே ஒரு முத்திரைதான் உண்டு. அவர் அதை எடுத்து, மையில் தொட்டு, நகலெடுத்த தாளில் 'யூ ஹேவ் மை ஹவுஸ்' என்ற வரிக்குக் கீழே குத்தி, 'உண்மை நகல்' என்பதற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வீடு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த இயக்கம் தொடங்கிய நாள்முதல் அதிகாரியின் கையெழுத்தோடு வெளிவந்த உண்மை அது ஒன்றுதான். அது முனீஸ்வரியிடம் இருக்கிறது.