கண்டம் செய்யப்பட்ட மீன்குழம்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஹாரியட் மலை சாட்சி, அதன் காலடியில் கிடக்கும் கடல் சாட்சி. ஓர் எழுத்தில் பொய் கலந்திருந்தாலும், அடுத்த தடவை சாத்தாமுக்குப் போகும் படகு நடுக்கடலில் நின்றுபோகட்டும். (வாரத்துக்கு இரண்டு தடவை அது நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஜீவகாருண்யம் உலகத்தில் பல ஊர்களில் பிறந்திருக்கலாம். ஆனால் அது வளர்ந்து, மீசை முளைத்து, வேட்டி கட்டி நின்றது அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில்தான், 1968-ஆம் வருஷம். அதற்கு வேட்டி கட்டிவிட்டவர் சிவஞானம். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர். கடலுக்கு அக்கரையில் சாத்தாமில், ஓர் அரசாங்க ஸ்டோரில் ஸ்டோர்கீப்பர். 'அகில அந்தமான் ஜீவகாருண்ய சங்க'த்தின் ஸ்தாபகக் காரியதரிசி. தலைவர், காண்ட்ராக்டர் சொக்கலிங்கம். பொருளாளர், ரிடையரான தலைமை குமாஸ்தா ஜம்புலிங்கம். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும்.

மற்ற ஊர்ச் சைவர்களைப் போல மாமிசத்தை மட்டும் விட்டுவிட்டு மார்தட்டும் சங்கமல்ல இது. பால் கன்றுக்குட்டியின் சொத்து என்று பாலை விட்டது. பால் போனதும் தயிர், மோர், நெய் எல்லாம் தாமாகப் போயின. தேன் தேனீயின் சேமிப்பு என்று தேனையும் விட்டது. பாம்பூஃப்ளாட்டில் அப்போது பாலும் தேனும் கண்ணால் பார்க்கவே கிடைக்காது என்பதை இந்தத் தியாகத்தோடு முடிச்சுப் போடக் கூடாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. இஞ்சின் ரிப்பேர் என்றார்கள். சந்திக்கிற ஆளெல்லாம் "ஜஹாஸ் ஆயா க்யா?", கப்பல் வந்ததா, என்று கேட்டான். எல்லோருக்கும் ஒரே பதில்: "நஹி ஆயா." உருளைக்கிழங்கு தீர்ந்தது. வெங்காயம் தீர்ந்தது. பிறகு பருப்பு தீர்ந்தது.

சிவஞானம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் மனைவி மங்கையர்க்கரசி வாசலிலேயே கேட்பாள்: "காய் ஏதாச்சும் கெடச்சுதா?"

"தீவுலயே இல்ல, மங்கை. தீந்துபோச்சு, கத்தம்."

அவள் புளியைக் கரைப்பாள். காலையில் புளித்தண்ணியும் சோறும், ராத்திரி சோறும் புளித்தண்ணியும்.

சிவஞானம் இந்தத் துன்பத்தோடுதான் தினம் படகேறினார். போதாக்குறைக்கு, படகுத்துறை வாசலில் நிதாய் பாபு என்ற வங்காளிக் குடியேறி இரண்டு பெரிய கூடைகளை ஈரச்சாக்கு போட்டு மூடி, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாபு, தேக்கியே பாபு" என்று பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். சங்கத்தார் மூவரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடைகளைத் தாண்டுவார்கள். பட்டினியில் இருப்பவர்களுக்குக் கூடைக்குள் எட்டிப் பார்க்க ஏது தெம்பு? பொதுவழியை அடைக்கும் கூடைகளை அப்புறப்படுத்தக் கோரி ஒரு தீர்மானம் மட்டும் போட்டார்கள்.

இப்போது வேலிக்கு அந்தப்பக்கம் போவோம். அங்கே இடிந்தகரைக்காரர் ஜேசுதாசன், அவர் மனைவி செலின், ஒரு நாய். ஜேசுதாசன் மீன்பிடிப்பவர். கடலில் நிற்கிறவன் நேற்றைய மீனைத் தின்றால் கடலுக்கே அவமானம் என்பது அவர் கட்சி. ஆகவே, முந்தின நாள் வைத்த குழம்பு, ராத்திரியெல்லாம் புளி ஊறி, மீன் குழம்பிலும் குழம்பு மீனிலும் இறங்கி, உலகத்திலேயே அதிக ருசியை எட்டுகிற அந்த விடியற்காலையில், செலின் அதை ஓர் எனாமல் தட்டில் கொட்டி, வேலியோரக் கல்லின்மேல் வைத்துவிடுவாள். அது நாய்க்கு.

நாயின் பெயர் சாரங்கு. படகு புறப்படும்போது மட்டும் குரைப்பதால், படகு ஓட்டும் சாரங்கின் பெயரையே ஜேசுதாசன் வைத்துவிட்டார். "அவரு கடலுக்குப் போய்ட்டா எனக்குப் பேச்சுத்தொணை இதுதான் அண்ணாச்சி" என்பாள் செலின். சாரங்கு காலையில் தாமதமாக எழும் நாய். எழுந்ததும் தட்டின் முன் உட்கார்ந்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, நன்றி சொன்ன பிறகே சாப்பிடும்.

வேலிக்கு இந்தப்பக்கம் அந்த வாசனை தினமும் வந்தது. சிவஞானம் மூக்கைப் பொத்தினார். பிறகு ஒரு நாள், வாசனை எந்த விதியின்கீழ் வருகிறது என்று யோசித்தார். அடுத்த நாள் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"உயிர் போனது எப்போது?" என்றார் ஜம்புலிங்கம்.

"முந்தாநாள்."

"போக்கியது யார்?"

"ஜேசுதாசன். தனக்காக."

"அவர் தின்றாரா?"

"மிச்சத்தை அவர் தொட மாட்டார்."

"அப்படியானால் மிச்சம் இருக்கிற மீன் யாருக்காகச் செத்தது?"



"யாருக்காகவும் இல்லை" என்றார் சிவஞானம். "அநியாயமாகச் செத்திருக்கிறது. அந்தச் சாவு வீணாகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர்கூட இல்லையா இந்தத் தீவில்?"

"நாம் இருக்கிறோம்" என்றார் சொக்கலிங்கம். "அது சாப்பாடு அல்ல. அஞ்சலி."

ஜம்புலிங்கத்துக்கு மட்டும் சின்ன உறுத்தல். "கீழே கொட்டியதை எப்படி..."

"கொட்டப்பட வேண்டும். ஆனால் தரையில் படக் கூடாது" என்று விளக்கினார் சிவஞானம். "தரையில் பட்டால் அசுத்தம். கொட்டாமல் கையில் கொடுத்தால் பாவம். இரண்டுக்கும் நடுவே இருக்கிறது நம் அறம்."

"அதாவது, தட்டில்."

"தட்டில்."

சொக்கலிங்கம் இதுதான் சமயமென்று ஒரு பழைய விண்ணப்பத்தைப் புதுப்பித்தார். அவர் ஒரு கோழி வளர்த்து வந்தார், விடியற்காலையில் எழுப்புவதற்காக. அது பெட்டைக்கோழி. "கோழி முட்டையை இட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறதே, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே, அதுவும் கைவிடப்பட்ட பொருள்தானே?" கேள்வி ஆழமானது என்பதால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நடைமுறையை வகுத்தவர் சிவஞானம். ஸ்டோரில் ஒரு வாளி ஓட்டையாகிவிட்டால் 'போர்டு' என்ற பெயரில் மூன்று அதிகாரிகள் அதைச் சுற்றி நின்று பார்த்து, ஆபீஸ் இங்கிலீஷில் 'கண்டம்', அதாவது கழித்துக்கட்டியாயிற்று, என்று சொல்வார்கள். அந்த நொடியிலிருந்து அது வாளி அல்ல. சர்க்கார் சொத்தும் அல்ல. அதை யார் தூக்கிப் போனாலும் திருட்டு அல்ல. வாளிக்கு உள்ள இந்த விடுதலை ஒரு மீனுக்குக் கிடைக்கக் கூடாதா?

மறுநாள் செலின் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். சாரங்கு தூங்கிக்கொண்டிருந்தது. மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டைச் சுற்றி நின்றார்கள். ஜம்புலிங்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"பழுது பார்த்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவர இயலுமா?"

"இயலாது. நீந்த வைக்க இலாகாவில் வசதி இல்லை."

"கண்டம்."

"கண்டம்."

"கண்டம்."

பிறகு அதைச் சிவஞானம் வீட்டுப் பாத்திரத்தில் வழித்துப்போட்டு 'அப்புறப்படுத்தினார்கள்'. புளி நன்றாக இறங்கியிருப்பதாக ஜம்புலிங்கம் அபிப்பிராயம் தெரிவித்தார்.

விஷயம் மங்கையர்க்கரசிக்குத் தெரியாமல் இருக்குமா? பாத்திரம் கழுவுகிறவள் அவள்தானே.

"நாய்க்குப் போட்டதா திங்கீங்க?"

"போட்டதல்ல. கைவிடப்பட்டது."

"யாருக்குக் கைவிட்டாங்க? நாய்க்குத்தானே?"

"நாய் என்ன சங்கத்து உறுப்பினரா?"

"அதையாவது சேத்திருக்கலாம். ஒரு ஆள் கூடியிருக்கும்." அவள் தன் இலையில் புளித்தண்ணியை ஊற்றிக்கொண்டாள்.

நாட்கள் போயின. சாரங்கு காலையில் எழுந்து வந்து, காலைத் தூக்கி, வெறும் எனாமலுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதை நக்கியது. விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செலின் கலங்கிப்போய் வேலியருகே வந்தாள்.

"அண்ணாச்சி, சாரங்குக்கு என்னமோ ஆயிட்டு. தட்டு பளபளன்னு காலியாவுது. நாயி எலும்பா நிக்கி. வயித்துல பூச்சியா இருக்குமோ?"

சிவஞானம் பொய் சொல்லாதவர். ஆகவே யோசித்துச் சொன்னார்: "வயிற்றில் போவது எங்கேயோ போகிறது, செலின். கொஞ்சம் கூட வைத்துப் பார்."

"கொழம்பேவா?"

"சுறாப்புட்டு வைத்தால் நல்லது."

அன்றிலிருந்து தட்டில் இரண்டு மடங்கு. ஜேசுதாசன் இன்னொரு வலையும் கொண்டுபோனார். "நாய்க்குன்னு வலை போடுத பய இந்தத் தீவுலயே நாந்தான்" என்று முனகிக்கொண்டே போனார். இந்தக் கூடுதல் உயிர்ச்சேதத்துக்குச் சங்கம் பொறுப்பாகுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த மீன்கள் நாயின் பேரில் பிடிக்கப்படுவதால் பாவமும் நாயின் கணக்கில்தான் சேரும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அதுவரை சாரங்கு ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை. பசி பொறுக்க முடியாமல் ஒரு நாள் அது சொக்கலிங்கத்தின் கோழியைப் பிடித்துவிட்டது. பிடித்ததே தவிர, தின்ன விடவில்லை. சொக்கலிங்கம் கம்போடு ஓடி வந்து பிடுங்கிவிட்டார்.

சங்கம் நடுங்கிப்போயிற்று. தங்கள் கண்ணெதிரே ஒரு கொலை! கோழிக்காக மூவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு உட்கார்ந்து அதைக் கண்டம் செய்தார்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு.

கை கழுவிய பிறகு கொலைகாரனின் விசாரணை தொடங்கியது.

"அடித்துக் கொன்றுவிட வேண்டியதுதான்" என்றார் சொக்கலிங்கம், கோழியின் சொந்தக்காரர் என்ற முறையில்.

"சிவ சிவ! கொல்லாமை நம் உயிர்மூச்சு" என்றார் சிவஞானம். "நாடு கடத்துவோம்."

"நாடு கடத்திக் கொண்டுவந்து விடுகிற இடமே இதுதானே?" என்றார் ஜம்புலிங்கம். "அந்தமானிலிருந்து எங்கே கடத்துவது?"

யோசித்துப் பார்த்ததில் மெயின்லேண்டைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை.

"அங்கே தெருநாயைக் கண்டால் வண்டி வைத்துப் பிடித்துப்போய்க் கொன்றுவிடுவார்களே?"

"கொல்லட்டும். அது வண்டிக்காரன் கை. நம் கை அல்ல."

கடைசியில் கப்பல் வந்தே விட்டது. சாத்தாமில் சரக்கு இறக்கிவிட்டு அன்று சாயங்காலமே திரும்புகிறது என்றார்கள். சமையல்காரனிடம் சொல்லி நாயை ஏற்றிவிட ஏற்பாடாயிற்று. காலைப் படகுக்குச் சங்கத்தார் மூவரும் துறைக்கு வந்தார்கள். சொக்கலிங்கம் கையில் சாரங்கின் கயிறு. சிவஞானம் கையில் மத்தியான டிபன் கேரியர். செலின் அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள். ஜேசுதாசன் கடலில் இருந்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி! அது பசியில செஞ்சிட்டு. கோழிக்கு வேண்ணா நான் ஒரு கோழி தாரேன்."

"செலின், இது கோழிப் பிரச்சினை இல்லை. கொள்கைப் பிரச்சினை."

படகிலிருந்து அசல் சாரங்கு அவசரப்படுத்திக் கத்தினார்: "அரே பாபு லோக், ஜல்தி கரோ!"

சொக்கலிங்கம் கயிற்றை இழுத்தார். சாரங்கு நகரவில்லை. அது மெல்ல நடந்து சிவஞானத்தின் முன்னால் வந்தது. டிபன் கேரியரை அண்ணாந்து பார்த்தது. உட்கார்ந்தது. முன்னங்காலைத் தூக்கியது.

செலின் அழுகையை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, அது என் தட்டுக்கு முன்னால மட்டும்தான் இப்படிக் கைதூக்கும்."

"நாய்க்கு ஆயிரம் பழக்கம்."

"கேரியரைத் தெறங்க."

"ஆபீசுக்கு நேரமாகிறது."

அவளே வாங்கித் திறந்தாள். மேல் அடுக்கில் சோறு. கீழ் அடுக்கில் சுறாப்புட்டு. துறையில் நின்ற வங்காளி, மலையாளி, தெலுங்கர் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள். ஒருவன் "மச்லி!" என்று சீட்டி அடித்தான்.

"மீன் என்று சொல்லாதே!" என்று சிவஞானம் இரைந்தார். "அது கண்டம் செய்யப்பட்ட பொருள்!"

செலின் புட்டை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நேத்து நான் வச்சது. அப்போ என் நாய்க்கு வயித்துல பூச்சி இல்ல..." கோபப்படுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் முகம் என்னவோ இரக்கத்தில் சுருங்கியது. "பசிச்சா வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு கொரல் குடுக்கப்படாதா அண்ணாச்சி? எல போட்டு, சுடச்சுட வச்சிருப்பேனே?"

சிவஞானம் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்.

"அதுதான் கூடாது! இலை போட்டுக் கொடுத்தால் அது அசைவம்!"

செலின் கேரியரைக் கவிழ்த்துப் புட்டை நாயின் முன்னால் கொட்டினாள். சாரங்கு மறுபடி ஒரு தடவை காலைத் தூக்கிவிட்டுத் தின்னத் தொடங்கியது. சிவஞானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் பட்டுவிட்டது. இனி எந்தப் போர்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செலின் கயிற்றை அவிழ்த்தாள். நாய் அவள் பின்னால் வீட்டுக்குப் போயிற்று. குற்றவாளிக்குக் கருணை அடிப்படையில் மன்னிப்பு வழங்கியதாக அன்றே சங்கம் தீர்மானம் போட்டது.

விவரம் தெரியாதவர்கள் பிற்பாடு சிவஞானத்தைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தீவில் ஒரு கீற்றுக் காய்கூட இல்லாத பஞ்ச காலம் அது. அந்த நிலைமையில் உயிரையும் விடாமல் கொள்கையையும் விடாமல் நின்றவர்கள் வேறு எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள்? அவர்களைப் போற்றாமல் யாரைப் போற்றுவது?

அந்த மழைக்காலம் முழுவதும் நிதாய் பாபுவின் கூடைகளில் இருந்தவை பூசணிக்காய், புடலங்காய், கீரை. மீன் தின்கிற அந்த ஊரில் வாங்க ஆளில்லாமல் மாலைதோறும் அவற்றைப் படகுத்துறையிலேயே கடலில் கொட்டிவிட்டு அவர் வீடு திரும்பினார்.