குழந்தை இயேசுவின் நாற்றங்கால்

தப்பு முழுக்க என்னுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. விதைப்பை என்றால் சீட்டு வெளியே இருக்க வேண்டும். சீட்டை உள்ளே போட்டு, வாயைக் கட்டி, ஆணியில் மாட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

தான்சானியாவில் ஒரு நெற்பண்ணையில் நான் மேற்பார்வையாளன். சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். (விவசாயப் பட்டம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் அவமானப்பட உதவும்.) அம்மா கூலிக்கு நடவு நட்டுப் படிக்க வைத்தாள். அவள் போட்ட ஒரே நிபந்தனை: "நீ சேத்துல கால் வைக்கக் கூடாது."

அங்கே என் முதல் கிறிஸ்துமஸ். பனி இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயில். குடிலாவது ஊர் மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஊர் மாதா கோயில் பங்கில் நெல் முளைக்கப் போட்டுப் பச்சை வயல் காட்டாத குடிலை யாரும் குடில் என்றே சொல்ல மாட்டார்கள். ஸ்டோரில் ஒரு வெள்ளைத் துணிப்பை தொங்கியது, மேலே சீட்டு எதுவும் இல்லை. இரண்டு பிடி நெல்தான் இருந்தது. மிச்சம் மீதி போலிருக்கிறது என்று எடுத்து, மூன்று வாரத்துக்கு முன்பே தட்டுகளில் தூவினேன்.

கிறிஸ்துமஸ் காலையில் மேலாளர் நீமா மேடம் புலாவோடு வந்தார். குடிலைப் பார்த்து அசந்துவிட்டார்.

"அற்புதம்! விதை ஏது?"

"ஸ்டோர் ஆணியில் தொங்கிய பை மேடம்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

புலாவ் பாத்திரம் தரைக்கு வந்தது. மூன்று பருவமாகக் கதிர் கதிராகப் பொறுக்கிச் சேர்த்த புது ரகமாம் அது. உலகத்திலேயே அவ்வளவுதான் இருந்ததாம்.

"முழுவதுமா?"

"குழந்தை இயேசுவுக்குக் கீழேயும் கொஞ்சம் தூவினேன்."

"தட்டில் அரை அங்குல மண். இனி தாங்காது. இன்றே நடு. பயிர் பிழைக்கவில்லை என்றால் நீ ஊருக்கு விமானம் ஏறு."

வேலையாட்கள் அத்தனை பேரும் விடுமுறை. மாதாவையும் சூசையப்பரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குடில் வயலைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். புதுச் சட்டையோடு! எங்கள் கணக்கர் செல்வம் அண்ணன் திருவையாற்றுக்காரர். வரப்பில் உட்கார்ந்து என் பங்கு கேக்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, வரப்பில் வைத்திருந்த என் போனில் அம்மாவின் வீடியோ கால். எடுக்காதீர்கள் என்று நான் கத்துவதற்குள் எடுத்துவிட்டார்.

"வணக்கம்மா! தம்பி வயல்ல இருக்காப்ல, பாருங்க."

முழங்கால் சேற்றில் நான்.

"என்னடா கோலம் இது? இதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்?" குரல் உடைந்தது. நான் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே நட்டேன். எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது.

"டேய்! என்னடா அது, அவ்ளோ ஆழமா அழுத்துற? அழுவிப் போயிடும்டா! விரல் நுனியில வையி. தம்பி, போனைக் கொஞ்சம் கீழ காட்டுங்க. அய்யய்யோ, வரிசை பாம்பு மாதிரி போவுதே! இவனுக்கு யாரு பட்டம் குடுத்தது?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்," என்றார் அண்ணன், கேக்கை விழுங்கியபடி.

சாயங்காலம் வரை விடவில்லை. நான் நட்டதைப் பிடுங்கித் திரும்ப நட வைத்தாள். மொழி புரியாவிட்டாலும் நீமா மேடம் பக்கத்தில் நின்று பயபக்தியோடு தலையாட்டினார். (என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படித் தலையாட்டியதில்லை.)

பயிர் பிழைத்தது. வேலையும் பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நடவுக்கும் மேடம் முதலில் சொல்வது, "உன் அம்மாவைக் கூப்பிடு." போனைப் பிடித்துக்கொண்டு வரப்போரம் நடப்பது நான்.

ஊரில் யாராவது, "பையன் ஆப்பிரிக்காவுல என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்டால், என் தங்கை முந்திக்கொண்டு சொல்கிறாள்:

"வேலை அம்மாவுக்குதாங்க. அண்ணன் போன் புடிக்கப் போயிருக்கு."